சொல்லாமல் கொடுத்த பால்

சாபிராவை யாராவது புண்ணியவதி என்று சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க அவளுக்கு எரிச்சல் அடங்காது. கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அந்த ஒண்டுக்குடித்தனத்தில் ஆவுடையம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு இதே வேலை. குழாயடியில் புதிதாக யார் வந்து குடம் வைத்தாலும் சாபிராவைக் காட்டி ஆரம்பித்துவிடுவாள்.

"இந்த மவராசி இல்லேன்னா என் புள்ள மண்ணுக்குப் போயிருப்பான். என்னாண்ட சொட்டுப் பால் இல்ல. இவ குடுத்து வளந்தவன்தான் அதோ போறான் பாரு, அந்தத் தடியன்."

தடியன் என்பது அவள் மகன் சின்னப்பையன். பதினைந்து வயதிலேயே நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். சாபிராவின் பாலுக்கு அவனே நடமாடும் விளம்பரம்.

"பால் இருந்துச்சு, குடுத்தேன். அத்தப் போய் இத்தினி வருசமா பேசிகினு கீறியே" என்று சாபிரா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அதைப் பார்த்து, எத்தனை அடக்கம் பார் என்று அதற்கும் ஒரு புகழ் எழும். கோபித்துக்கொண்டால் அடக்கம், சும்மா இருந்தால் பெருந்தன்மை. ஊர் ஒருவருக்கு நல்ல பெயர் கொடுக்கத் தீர்மானித்துவிட்டால் அவரால் தப்பவே முடியாது போலிருக்கிறது.

அவளுக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம் வேறு. அவள் கணக்கில் சின்னப்பையனுக்குக் கொடுத்தது ஒரு தர்மமே இல்லை. ஊரே பார்க்கக் கொடுத்தாள், ஊரே கும்பிட்டது, கொடுத்த கையோடு கூலி வந்துவிட்டது. அவள் தன்னுடைய நல்ல காரியம் என்று நெஞ்சுக்குள் வைத்திருந்தது வேறொரு பால். அது ஒரு ஜீவனுக்கும் தெரியாது. புருஷன் ஹபீபுல்லாவுக்கும் தெரியாமலே அவர் மவுத்தாகிப் போனார்.

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரை வெயிலில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானது. ராயபுரம் ஸ்டேஷனில் மூட்டையும் முடிச்சுமாக ஜனம் ஏறி நின்றது. ஆவுடையம்மாள் அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. புருஷனோடு அரக்கோணம் பக்கம் போய்விட்டாள். குடித்தனத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள்தான் மிஞ்சினார்கள். ஹபீபுல்லா துறைமுகக் கிடங்கில் கோணி தைப்பவர். அடுத்த வீட்டு அத்தாவுல்லா அதே துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர். யுத்தக் காலத்தில் துறைமுகத்து ஆட்களுக்கு லீவு ஏது? புருஷன்மார் போக முடியாததால் பெண்டாட்டிமாரும் தங்கிப்போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சாபிராவுக்குப் பிறந்த பெண்குழந்தை ஒரு வாரம்கூட இருக்காமல் போய்ச் சேர்ந்தது. மூத்தவன் ஹுமாயூன் அப்போது அரைக்கால் சட்டையோடு திரிகிற வயசு. குழந்தை போனது பாலுக்குத் தெரியுமா? அது பாட்டுக்குச் சுரந்தது. மருத்துவச்சி வந்து மல்லிகைப் பூவை மாரில் பரப்பித் துணியால் இறுக்கிக் கட்டினாள். "பூ வாடுறதுக்குள்ள பால் வத்திடும்" என்றாள். பூ வாடிக் கறுத்து அழுகியது, பால் வற்றவில்லை. மார் இரண்டும் கருங்கல்லாகக் கட்டிக்கொண்டு, கையைத் தூக்கினால் உயிர் போனது. அதற்குப் பிறகு மல்லிகை வாசனை வந்தாலே சாபிராவுக்குக் குமட்டும். கல்யாண வீடுகளில் அவள் பூ வாங்காமல் நகர்வதை, விதவையாகும் முன்பே பூவைத் துறந்தவள் என்று அதற்கும் ஒரு கதை கட்டியிருந்தார்கள்.

அடுத்த வீட்டு ஜெரினாவுக்கு அப்போது கைக்குழந்தை. ஜஹானாரா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜெரினாவுக்குப் பால் போதவில்லை. மருத்துவச்சி அவளிடமே யோசனை சொன்னாள்: "பக்கத்துல ஒருத்தி பால் கட்டிகினு கத்துறா, இங்க ஒண்ணு பால் இல்லாம கத்துது. அவகிட்ட குடுத்தா ரெண்டு பேஜாரும் தீந்துடும்."

சுவருக்கு இந்தப் பக்கம் சாபிரா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஜெரினா சொன்ன பதிலும் தெளிவாகக் கேட்டது.

"செத்த புள்ளையோட பால் அது. என் புள்ள வாயாண்டகூட வரக்கூடாது."

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் சுவருக்கு அப்பாலிருந்து சொல்கிற வார்த்தையா அது? சாபிரா அன்றைக்குத் துணியைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

அப்புறம் ஜெரினா விஷக்காய்ச்சலில் விழுந்தாள். நினைவு தப்பிப் பிதற்றிக்கொண்டு கிடந்தாள். அத்தாவுல்லா வேலைக்குப் போகும்போது சாபிராவின் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, கொஞ்சம் பாத்துக்கோ. ஆட்டுப்பால் வாங்கி வெச்சுக்கீறேன். புள்ளைக்குச் சங்குல ஊத்து."

ஊற்றினாள். குழந்தை ஊற்றியதை எல்லாம் கக்கியது. அத்தாவுல்லாவின் முகத்துக்காக மறுபடி ஊற்றினாள், மறுபடி கக்கியது. மறுநாள் காலை சாபிரா தன் வீட்டில் உலை வைத்திருந்தாள். அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வீல் வீல் என்று கேட்டுக்கொண்டிருந்த அழுகை திடீரென்று இறங்கிப் பூனைக்குட்டியின் முனகல் மாதிரி ஆயிற்று. அவ்வளவுதான். கரண்டியைப் போட்டது தெரியாது, ஓடியது தெரியாது. ஜெரினா சுவரைப் பார்த்துப் படுத்துப் பிதற்றிக்கொண்டிருக்க, அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, மார்க்கட்டை அவிழ்த்து, "பிஸ்மில்லாஹ்" என்று குழந்தையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

குழந்தை பிடித்துக்கொண்டதும் முதலில் உயிர் போகிற வலி. பிறகு கல் கரைந்தது. "யா அல்லா" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அத்தனை நாளில் அவளுக்குக் கிடைத்த முதல் நிம்மதி அது.

வீட்டுக்குத் திரும்பியபோது சோறு கரியாகியிருந்தது. சாயங்காலம் பானையைப் பார்த்துவிட்டு ஹபீபுல்லா திட்டினார். "சோறு அடிபிடிக்கிற வரைக்கும் இன்னா பண்ணிகினு இருந்தே?" என்று கேட்டார். தூங்கிவிட்டேன் என்றாள். அந்தப் பானை அடியைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு எத்தனை தேய்த்தும் கறுப்புப் போகவே இல்லை. அவளும் அதைக் கடைசிவரை மாற்றவில்லை.

ஜெரினா எழுந்து உட்காரும்வரை அது நடந்தது. புருஷன்மார் வேலைக்குப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல். குழந்தை கன்னம் வைத்துத் தொடை மடிந்து கொழுகொழுவென்று ஆயிற்று.

அதற்குக் கிடைத்த நன்றி என்ன தெரியுமா? அத்தனை பெருமையும் ஆட்டுக்குப் போயிற்று. அத்தாவுல்லா அந்த ஆட்டையே வாங்கிக்கொண்டு வந்து வாசலில் கட்டினார். "ஆட்டுப்பால்ல வளந்த பொண்ணு" என்று ஜெரினா போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். பக்ரீதுக்குக்கூட அந்த ஆட்டை அறுக்கவில்லை. அது கிழமாகி, பல் கொட்டி, மரியாதையோடு செத்தது. சாபிரா அதற்குத் தினமும் கழுநீர் ஊற்றினாள், ஊற்றும்போதெல்லாம் அதை முறைத்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். முதலில் ரோஷம். செத்த பால் என்று சொன்னவளிடம் போய், அதைத்தான் உன் பிள்ளை குடித்தது என்று எப்படிச் சொல்வது? அப்புறம் நபி புகழ் ஓதும் ஒரு மவுலூது வீட்டில் பள்ளிவாசல் ஹஜ்ரத் பயான் சொல்லிப் பிரசங்கம் செய்தார். வலது கை கொடுத்ததை இடது கை அறியாமல் கொடுத்தவருக்கு, வேறு நிழலே இல்லாத நாளில் அல்லாவுடைய நிழல் கிடைக்கும் என்றார். திரைக்குப் பின்னால் இருந்த சாபிராவுக்கு உடம்பு சிலிர்த்தது. இதுதான் அது என்று முடிச்சுப் போட்டுக்கொண்டாள். ஜனம் ஊர் திரும்பிய பிறகு, வற்றாத அதே பாலைச் சின்னப்பையன் போன்றவர்களுக்குக் கொடுத்ததை ஊர் தின்றுவிட்டது. இது ஒன்று பத்திரமாக இருக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

எங்கே தவறினாள் என்றால், தர்மத்துக்கு உள்ள சட்டம் பாலுக்குச் செல்லாது. தர்மத்தை மறைக்க வேண்டும், பாலை மறைக்கவே கூடாது. இன்னொருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்தால் நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் பெண்களுக்கு எழுத்துத் தெரியுமுன் தெரியும் விஷயம். பால் குடித்த பிள்ளை அன்றோடு பிள்ளையாகிறது. கொடுத்தவள் வயிற்றில் பிறந்தவர்களோடு அதற்கு நிக்காஹ் கூடாது, ஹராம். சாபிராவுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் தன் வீட்டு வாடையே ஆகாத ஜெரினா தன் மகளை ஹுமாயூனுக்குக் கொடுப்பாள் என்று அவள் கனவிலாவது நினைத்திருப்பாளா?

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ஜெரினா தட்டில் சர்க்கரையோடு வந்து நின்றாள்.

"சாபிராக்கா, வாயத் தொற" என்று ஒரு சிட்டிகையை அவள் வாயில் போட்டாள்.

"இன்னா விசேஷம்?"

"உன் புள்ள எங்க வூட்டுக்காரராண்ட நேரா வந்து கேட்டுட்டான். ஆம்பளைன்னா அவன்தான். எங்களுக்கு சம்மதம். ஜஹானாவும் தலைய ஆட்டிட்டா. ஆட்டுப்பால்ல வளந்த பொண்ணு, உனக்கு ஒரு நோவு நொடி வெக்காம பாத்துக்குவா."

சர்க்கரை சாபிராவின் வாயில் கரையவே இல்லை. ஹுமாயூன் திருவொற்றியூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வேலை செய்தான். கையில் நாலு காசு, நல்ல பையன் என்ற பெயர். ஜஹானாரா குழாயடிக்கு வரும்போதெல்லாம் அவன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நிற்பதைச் சாபிரா பார்த்திருக்கிறாள். வயசுப்பிள்ளைகள் இப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொன்னால் பதினாறு வருஷமாகக் காத்து வந்த அந்த ஒன்று போய்விடும். சொல்லாமலே தடுக்க வழி இருக்கும்போது ஏன் சொல்ல வேண்டும் என்று அவள் புத்தி குறுக்கே ஓடியது.

"என் தம்பி பொண்ணு அஜீசாவுக்கு வாக்குக் குடுத்துட்டேனே" என்றாள்.

ஹுமாயூன் அன்று சாயங்காலமே சைக்கிளை மிதித்து வண்ணாரப்பேட்டைக்குப் போய் மாமாவிடம் கேட்டான். "எந்த வாக்கு? அஜீசாவுக்கு வேலூர்ல பேசி முடிச்சுட்டோமேடா" என்றார் மாமா. முதல் பொய் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. பிறகு சாபிரா, அந்தப் பெண் வாயாடி என்றாள். அதுவும் எடுபடாமல், எனக்கு உடம்பு முடியவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். ஜெரினாவின் முகம் கோணத் தொடங்கியது. ஆவுடையம்மாள்கூட, "நல்ல மனசுக்காரி நீ, இதுல மட்டும் ஏன் இப்படி முரண்டு புடிக்கிற?" என்று கேட்டாள்.

வேறு வழியில்லாமல் ஒரு மத்தியானம், சோறு போட்டுக்கொண்டே மகனிடம் உண்மையைச் சொன்னாள்.

ஹுமாயூன் சிரித்தான். "மொதல்ல அஜீசான்னே. அப்பால வாயாடின்னே. அப்பால ஒடம்பு செரியில்லேன்னே. இப்ப பாலா? இன்னும் இன்னா கீது உன்னாண்ட?"

"நெசம்டா. என் நாக்கு அழுவிப் பூடும், பொய் சொன்னா."

"நாலாவது தபா சொல்ற நெசமா?" அவன் தட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனான்.

கறுத்த பானையைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பொய் சொன்னபோதெல்லாம் ஓரளவுக்காவது நம்பினார்கள். உண்மை சொல்லும்போது ஒருவரும் நம்பாமல் போவதற்கு, அவளே முன்னால் நின்று பாதை போட்டுக் கொடுத்திருந்தாள். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விஷயம் ஹஜ்ரத்திடம் போயிற்று. பழைய ஹஜ்ரத் இல்லை, அவருக்குப் பின் வந்தவர். வயசில் சின்னவர், பொறுமைசாலி. அத்தாவுல்லாவின் வீட்டு முன்னறையில் அவரை உட்காரவைத்தார்கள். அத்தாவுல்லாவும் ஹுமாயூனும் எதிரில். வாசற்படித் திரைக்கு உள்ளே சாபிராவும் ஜெரினாவும். அதற்கும் உள்ளே, அடுப்படியில், சத்தமே இல்லாமல் ஜஹானாரா.

ஹஜ்ரத் நிதானமாகச் சொன்னார். "பார்த்த சாட்சி யாரும் இல்லை. ஒரு அம்மாவுடைய வாக்கை மட்டும் வைத்து நான் இது ஹராம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு இது உண்மை என்று மனசில் பட்டால் நிக்காஹ் செய்யக்கூடாது. நீங்கதான் சொல்லணும்."

ஆகக் கூடி, எல்லாம் ஜெரினாவின் மனசில் வந்து நின்றது. ஜெரினா திரும்பிச் சாபிராவை நேருக்கு நேர் பார்த்தாள்.

"எத்தினி பேருக்குக் குடுத்தே. எல்லாத்தையும் ஊரு பாத்துச்சு. என் பொண்ணுக்கு மட்டும் இன்னாத்துக்கு மறைச்சுக் குடுத்தே?"

"நீதான் வேணாம்னு சொன்னே. புள்ள சாவக் கெடந்துச்சு ஜெரினா. அது பொழைக்கணும்னுதான் குடுத்தேன். வேற ஒண்ணுமில்ல."

"வேற ஒண்ணுமில்லையா? நல்லது பண்ணவ பதினாறு வருசம் வாயத் தொறக்காம இருந்தாளாம்! நான் ஆடு ஆடுன்னு பேசிகினு கெடந்தேனே, ஒரு தபாகூட உனக்கு வாய் வரலியா? எவளால முடியும் அது?"

அத்தாவுல்லா தாழ்ந்த குரலில் சொன்னார். "தங்கச்சி, தப்பா நெனைக்காத. நல்லது பண்ணவங்க என்னிக்காவது ஒருநாள் சொல்லிக் காட்டிடுவாங்க. நான் உட்பட அப்படித்தான். நீ ஒரு நாளும் சொல்லலியே."

"குர்ஆன் மேல சத்தியம் பண்றேன்" என்றாள் சாபிரா.

"வேணாம்மா" என்றார் ஹஜ்ரத் அவசரமாக.

"பண்ணுவா. தம்பி பொண்ணு போனாலும் நம்ம பொண்ணு வரக்கூடாது அவளுக்கு. அத்துக்கு எந்தச் சத்தியமும் பண்ணுவா" என்றாள் ஜெரினா.

சாபிராவுக்குத் தலைக்கு மேல் ஏறியது. என்ன உலகம் இது! ஒருத்தி பலன் பாராமல் ஒரு காரியம் செய்தாள் என்றால், அது நடந்திருக்கவே முடியாது என்கிறார்கள். பலன் எங்கே, பலன் எங்கே என்று மடியை உதறிப் பார்க்கிறார்கள். திரைக்கு வெளியே மகன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இப்போது இவர்கள் நம்பாமல் எழுந்து போனால், அடுத்த மாதம் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நிக்காஹ் நடக்கும். தன் மாரில் கிடந்த இரண்டும் புருஷன் பெண்டாட்டியாக ஒரு வீட்டில் வாழும். அதைப் பார்த்துக்கொண்டு அவள் அந்த வீட்டிலேயே சோறு தின்ன வேண்டும்.

அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"சரி. நல்லதுக்குக் குடுக்கல" என்றாள்.

ஜெரினா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

"என் மாரு வலிக்குக் குடுத்தேன். பூ வெச்சுக் கட்டியும் வத்தாம, கல்லு மாதிரி கட்டிகினு, செத்துடலாமான்னு இருந்தேன். கறந்தா நிக்கல. புள்ள வாய்தான் வேணும். உன் புள்ள கெடைச்சுது, எடுத்துக்கினேன். அது கத்துறத மொத நாளு பூரா கேட்டுக்கினு சும்மாதான் இருந்தேன். மறுநாளும் கத்துச்சு. நான் சோறு வடிச்சு, துன்னுட்டு, பாத்திரம் கழுவி வெச்சுட்டு, நிதானமாத்தான் வந்தேன். அதோட முனகல் எனக்கு இன்னா? என் வலி எனக்கு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் கேளு. செத்த பால்னு சொன்னியே, சுவராண்ட நின்னுகினு கேட்டேன். அதையே உன் பொண்ணு வாயில ஊத்தணும்னு வயித்தெரிச்சல் எனக்கு. நீ அந்தாண்ட திரும்பிப் படுத்துக்கினு ஒளறுற, உன் முதுவுக்குப் பின்னாடி குந்திகினு ஊத்தினேன். அத்த எப்படி வெளியில சொல்லுவேன்? அதான் சொல்லல."

அடுப்படியில் ஏதோ தட்டு விழுந்தது. செத்த பால் என்று தான் சொன்ன வார்த்தை ஜெரினாவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"பாவி" என்றாள். பிறகு திரைக்கு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள். "நெசம்தான் ஹஜ்ரத். இவ குடுத்துதான் கீறா. இத்த ஒருத்தி தன்மேலயே பொய்யா சொல்லிக்க மாட்டா."

அவ்வளவுதான். குழந்தை பிழைக்க வேண்டும் என்று கொடுத்தேன் என்றபோது ஒருத்தரும் நம்பவில்லை. என் சுகத்துக்கு, என் பொறாமைக்குக் கொடுத்தேன் என்றதும் பெரியவர் சிறியவர் எல்லோரும் ஒரே மூச்சில் நம்பினார்கள். ஹஜ்ரத் துஆ ஓதிவிட்டு எழுந்தார். சாபிராவின் பக்கம் ஒரு கணம் நின்று, "அல்லா மன்னிக்கப் போதுமானவன்மா" என்றார். சாபிராவுக்கு அவர்மேலும் எரிச்சல்தான் வந்தது.

எது உண்மை என்று நீங்கள் கேட்டால், அவளிடம்தான் கேட்க வேண்டும். அவளோ பதில் சொல்லும் நிலையில் இல்லை. சோறு தின்று நிதானமாகப் போனது பொய், பானையின் அடி சாட்சி. வலி தீர்ந்து கண்ணை மூடியதும் மெய். ஜெரினாவின் வார்த்தை நெஞ்சில் இருந்ததா என்றால், இருந்தது. ஓடும்போது இருந்ததா, பிறகு வந்ததா? அன்று இரவு முழுக்க அவள் அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க முயன்றாள். அரிசியில் கல் பொறுக்குவதுபோல் அது பிரிந்து வருவதாக இல்லை. பதினாறு வருஷம் கலப்பில்லாமல் இருந்ததாக நினைத்தது, வாயால் ஒரு தடவை சொல்லிக் கெடுத்த பிறகு, அவளுக்கே கலங்கித் தெரிந்தது. இடது கைக்குத் தெரியாமல் வைத்ததை இப்போது தெருவில் எறிந்தாயிற்று. நிழலும் போயிற்று என்று நினைத்தாள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தானே எறிந்தேன் என்று ஒரு எண்ணம் வந்தது. உடனே, ஆரம்பித்துவிட்டாயா மறுபடியும், இதற்கும் ஒரு கூலி கேட்கிறாயா என்று தன்னையே திட்டிக்கொண்டு புரண்டு படுத்தாள்.

குழாயடியில் இப்போது அவளை யாரும் புண்ணியவதி என்று சொல்வதில்லை. ஆவுடையம்மாள் குடத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஏன்க்கா, என் புள்ளைக்குக் குடுத்ததும் அத்துக்குத்தானா?"

சாபிரா குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெயர் எத்தனை வருஷமாக அவளைப் பிடுங்கித் தின்றது! போய்த் தொலைந்ததே என்று சந்தோஷப்படலாம் இல்லையா? முடியவில்லை. அதற்கும் தன்மேலேயே கோபம்.

ஹுமாயூன் அவளோடு பேசுவதை விட்டான். போட்டதைத் தின்றான், பட்டறைக்குப் போனான், வந்தான். பழவேற்காட்டில் ஜஹானாராவுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருப்பதாகச் சுவர் வழியே காதில் விழுந்தது.

ஒரு காலையில் ஜஹானாரா வந்தாள். சாபிரா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெண் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து நின்றுகொண்டு, "மா..." என்று ஆரம்பித்தாள். மாமி என்று கூப்பிட்டுப் பழகிய வாய் பாதியில் நின்றது. வேறெப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்த முறையும் சொல்லாமலே கேட்டாள்.

"நெசமாலுமே சோறு துன்னுட்டுதான் வந்தியா?"

சாபிரா நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தில், மடியில் கிடந்தபோது பார்த்த அதே குழி. அடுப்பில் அதே கறுத்த பானை. ஒரு வார்த்தை போதும், இந்தப் பெண் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். ஆனால் அந்த ஒரு வார்த்தை இன்றைக்கே சுவரைத் தாண்டும். ஜெரினா மறுபடி சந்தேகப்படுவாள். ஹுமாயூன் மறுபடி நிமிர்ந்து உட்காருவான்.

"ஆமா. துன்னுட்டுதான் வந்தேன்" என்றாள்.

ஜஹானாரா தலையை ஆட்டினாள். அழவில்லை. அந்த நேரம் வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. மறந்துவிட்ட சாப்பாட்டுத் தூக்கை எடுக்க ஹுமாயூன் உள்ளே நுழைந்தவன் அவளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான். அவன் நிழல் தட்டியதுமே ஜஹானாராவின் கை வழக்கம்போலத் தோளில் கிடந்த முக்காட்டுக்குப் போனது. பிடித்து, நெற்றிவரை இழுக்கப் போய், பாதியில் நின்றது. கூடப் பிறந்தவனுக்கு முன்னால் முக்காடு எதற்கு? அவள் அதை விட்டுவிட்டு, தலைமுடி தெரிய, அவனைத் தாண்டி வெளியே போனாள்.